பூ மாதிரி இருந்த பித்தப்பை

பழவேற்காட்டு மீன் ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் லேசர் சித்தர் பொன்னுரங்கம் கொட்டகை போட்டு ஒரு மாதம்தான் ஆகிறது. அதற்குள் சுண்ணாம்புக்குளத்திலிருந்துகூட ஷேர் ஆட்டோவில் கூட்டம் வந்தது. பித்தப்பைக் கல்லைக் கத்தியில்லாமல் எடுப்பாராம். படுத்த நோயாளியின் வயிற்றில் சிவப்பு ஒளி அடிப்பார், ஈரப் பஞ்சால் துடைப்பார், கல் வந்துவிடும். சேலையை விலக்கக்கூட வேண்டாம். கல் தோலைத் தாண்டி, துணியைத் தாண்டி, ஒரு சொட்டு ரத்தம் ஒட்டாமல் வரும். அவ்வளவு நாகரிகமான கல்! கல்லுக்கு ஏற்பக் காணிக்கை.

மீன் விற்கும் ஹேமாவதியின் அண்ணி அங்காளம்மாளுக்கு அங்கே இரண்டு முறை கல் எடுத்தாயிற்று. வலது விலாவுக்குக் கீழே வலி மட்டும் போகவில்லை. இப்போது காய்ச்சல் வேறு.

“கண்ணு மஞ்சளாயிடுச்சு அண்ணி. ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா.”

“அங்க போனா அறுப்பாங்க ஹேமா. இன்னொரு தபா லேசர் அடிச்சா சரியாயிடும்னு சாமி சொல்லிக்கீறாரு.”

ஹேமாவதிக்குப் பயம் வந்துவிட்டது. “சரி, நானும் வரேன்” என்று கிளம்பினாள். கொட்டகையில் அண்ணியை முந்திக்கொண்டு பலகையில் படுத்தாள். அங்காளம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஹேமாவதி கண்ணாலேயே அடக்கினாள்.

“இன்னாம்மா பண்ணுது?” என்றார் சித்தர்.

“துன்னா வலிக்குது சாமி.”

சித்தர் கண்ணை மூடினார். ஞானக்கண்ணே போதும்போல. சிவப்புப் புள்ளி சேலைமேல் ஊர்ந்தது. பஞ்சிலிருந்து மூன்று கற்கள் தட்டில் விழுந்தன. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

“பித்தப்பை எப்படிக்கீது சாமி?”

“கல்லெல்லாம் போயிடுச்சும்மா. பை பூ மாதிரி இருக்குது.”

ஹேமாவதி எழுந்து கூட்டத்தைப் பார்த்தாள்.

“போன வருசம் சாத்துக்குடி வாங்கிக்கினு ஆஸ்பத்திரிக்கு வந்து என்னைப் பாத்தீங்களே, இன்னாத்துக்கு? நாலு ஓட்டை போட்டு எம் பித்தப்பைய எடுத்துட்டாங்கன்னுதான? இல்லாத பைல சாமி மூணு கல்லு எடுத்துக்கீறாரு!”

அங்காளம்மாள் பஞ்சு டப்பாவைப் பிடுங்கிக் கவிழ்த்தாள். பொலபொலவென்று கூழாங்கற்கள். நாளை வரப்போகிறவர்களின் கல்லும் இன்றே தயார்! சித்தரின் தீர்த்தயாத்திரை பின்பக்கமாக ஓட்டத்தில் தொடங்கியது.

அன்றைக்கே பொன்னேரி பஸ் பிடித்து அண்ணியை ஆஸ்பத்திரியில் சேர்த்தாள் ஹேமாவதி.

“லேசர்ல பண்ண மாட்டீங்களா டாக்டர்?” அங்காளம்மாளுக்கு ஆசை விடவில்லை.

“லேசர் வெச்சும் பண்றதுண்டும்மா. அதுக்கும் ஓட்டை போட்டு உள்ள விட்டுத்தான் பையை எடுக்கணும். வெளிய இருந்து அடிச்சா வெளிச்சம்தான் விழும்.”

காய்ச்சல் தணிந்ததும் பையை எடுத்தார்கள். மறுநாள் கஞ்சி குடிக்கும்போது அங்காளம்மாள் ஹேமாவதியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஊர் திரும்பினால், ஏலக்கூடத்தில் மீன் ஏலம் விடும் துளசிங்கம் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்: “அறுத்த பை சாமி சக்தியில திரும்ப மொளச்சிருக்கும்பா!” நாலு பேர் தலையாட்டினார்கள்.

அய்யா, பித்தப்பை இல்லாமல் மனிதன் வாழ்ந்துவிடலாம். மூளை அப்படியல்ல. உங்களுடையதை இதுவரை யாரும் அறுத்து எடுக்கவில்லையே, கொஞ்சம் உபயோகித்தால்தான் என்ன?