மதாம் மோந்து பார்த்த பொம்மை

கவலைப்படுகிறவனுக்கு நல்ல செய்தி என்று ஒன்று கிடையாது. சம்பளம் கூடினால் வரியும் கூடுமே என்று படுத்துப் புரளுகிற ரகம் நான். அப்படிப்பட்டவன் செய்யவே கூடாத வேலை, பழைய மண் பொம்மை சேர்ப்பது.

2010 வாக்கில் பாரிசுக்குப் பக்கத்து ஆர்ஜொந்தெயில், ஞாயிற்றுக்கிழமைத் தெருச் சந்தையில் முதலாவதைக் கண்டேன். பிதுங்கின கண், வயிற்றைப் பொத்தின கை, இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கிறவனின் முகம். கண்ணாடி பார்த்தது போலிருந்தது. "மெக்சிக்கோ. மிகப் பழசு" என்றார் விற்றவர். எவ்வளவு பழசு என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினார். (எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அந்த விளக்கமே தாராளம்.) அதற்குத் துணையாக ஒன்று, அந்தத் துணைக்கொரு துணை என்று பாரிஸ் லாச்சப்பலில் எங்கள் வீட்டு அலுமாரித் தட்டு நிறைந்தது.

மனைவி வதனி ஒருநாள் தீர்ப்புச் சொன்னாள். "இஞ்சேருங்கோ, தெரிஞ்ச ஆளிட்டைக் காட்டுங்கோ. உண்மையெண்டால் இருக்கட்டும். இல்லையெண்டால் எல்லாம் குப்பைக்கை."

என் நித்திரை போனது. பொய்யென்றால் குப்பைத்தொட்டி. உண்மையென்றால், களவுச் சாமான் என்று பொலிஸ்.

பழம்பொருள் மதிப்பிடுகிற பிரெஞ்சு மதாம் ஒருவரிடம் அந்த முதல் பொம்மையைத் துவாயில் சுற்றிக்கொண்டு இருவரும் போனோம். பூதக்கண்ணாடியால் பார்த்தவர் கதிரையை விட்டே எழும்பிவிட்டார்.

"நெற்றியில் சிவப்பு! உடம்பில் மஞ்சள் சாயம்! அடியில் புகைக்கரி! இதை யாரோ வழிபட்டிருக்கிறார்கள்!"

அந்த யாரோ நான்தான். புதைகுழிச் சாமானாக இருந்தால் வீட்டுக்கு ஆகாதே என்று பயந்து, புதுக் காருக்குச் செய்வது போல மஞ்சள் தண்ணீர் தெளித்து, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டித்தான் ஒவ்வொன்றையும் உள்ளே எடுத்தேன்.

"சொல்லுங்கோவன்." வதனி முழங்கையால் இடித்தாள்.

"நீர் சொல்லும்."

"உங்கடை கூத்துக்கு நான் சொல்லுறதோ?"

அதற்குள் மதாம் யாருக்கோ போன் எடுக்கத் தொடங்கிவிட்டார். வதனி பொறுக்கமாட்டாமல் பிரெஞ்சில் சொன்னாள்: "மதாம், அது கறிக்குப் போடுகிற மஞ்சள்."

மதாம் பொம்மையை மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். போனை வைத்தார்.

"எந்த நாடு, எந்தக் காலம் என்று என்னால் சொல்ல முடியாது, முசியே. வாசம் நன்றாக இருக்கிறது."

வீட்டுக்கு வந்ததும், அவள் சொல்லுமுன் நானே கறுப்புக் குப்பைப் பையை விரித்தேன். வதனி வெடுக்கென்று பறித்தாள்.

"கற்பூரம் காட்டினதுகளைக் குப்பைக்கை போடுறதோ? உங்களுக்கென்ன விசரோ?"

இன்று அத்தனை பேரும் சாமித்தட்டில், பிள்ளையாருக்குப் பக்கத்தில். வெள்ளிக்கிழமைகளில் அவளே பூ வைக்கிறாள். ரூ பெர்தொனே தெருவில் கடை வைத்திருக்கிற அவளின் தம்பி, என்னைத் தூரத்தில் கண்டாலே கத்துவான்: "அத்தான், மெக்சிக்கோக்காரருக்குக் கற்பூரம் முடிஞ்சுபோச்சோ?"

கடையே சிரிக்கும். நான் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டுதான் திரும்புவேன். இவ்வளவு நாள் காட்டிவிட்டு இனி நிறுத்தினால், அந்த மெக்சிக்கோக்காரர்கள் என்ன நினைப்பார்களோ!