சுவரில் பிறந்த கங்கை

ராயப்பேட்டையில் விலைக்கு வந்த ஒரு மூன்றாம் மாடி வீட்டின் படுக்கையறைச் சுவரில் கங்கை பிறந்துவிட்டாள். காசியில் அவளுக்கு என்ன குறையோ, தெரியவில்லை. படிக்கட்டு முழுக்கக் கூட்டம். ஒரு மூடி தீர்த்தம் இருநூறு ரூபாய். கண்டுபிடித்தவர் வாஸ்து வித்தகர் ஜலேந்திரர்.

அந்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்த ஜொவிட்டாவுக்கு அது வெறும் ஓதம். இருபத்திரண்டு வருஷம் வேதியியல் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணம். அவள் அழைத்து வந்த பொறியாளர் சுவரைத் தட்டிப் பார்த்து, "மேல்வீட்டு டிரெயின் பைப் ஒடைஞ்சிருக்கு மேடம். ஆறு லட்சம் குறைச்சுக் கேளுங்க" என்று எழுதியே கொடுத்தார்.

வீட்டுக்காரி சுலோச்சனா அந்தத் தாளைத் தொடவே இல்லை. "குறைக்கிறதா? ஜலேந்திரர் பத்து லட்சம் ஏத்தச் சொல்றார். வேணாம்னா அட்வான்ஸை வாங்கிக்குங்க. வெளிய க்யூவைப் பாத்தீங்கல்ல?"

பார்த்தாள். வரிசையில் ஒரு வங்கி மேலாளர்கூட நின்றார். செல்போன் வாங்க நாற்பது விமர்சனம் படிக்கிற ஜனம். சுவர் கசிந்தால் மட்டும் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது.

ஜொவிட்டா மேல்மாடிக் கதவைத் தட்டினாள். அங்கே குடியிருந்த சைஃப் தலையில் அடித்துக்கொண்டான். "எங்க பாத்ரூம் தண்ணிதான் அக்கா அது. பைப்பு போயிக்கீதுன்னு எத்தினி தபா சொல்லிக்கினு கீறேன். யாரும் காதுல வாங்கல."

அவன் சம்மதத்தோடு ஒரு வாளித் தண்ணீரில் சொட்டு நீலத்தைப் புட்டியோடு கவிழ்த்துக் குளியலறையில் ஊற்றினாள்.

மறுநாள் காலை கங்கை நீலமாக இறங்கினாள். ஜலேந்திரர் அசரவில்லை. "நீலகண்டரே வந்துட்டார். இன்னிக்கு மூடி ஐநூறு." கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"நேத்து மேல்வீட்டு பாத்ரூம்ல நீலம் ஊத்தினது நான்," என்றாள் ஜொவிட்டா. சைஃப் காலிப் புட்டியைத் தூக்கிக் காட்டினான். "இல்ல, தீர்த்தம்தான்னா முதல் மூடியை நீங்க குடிங்க சாமி," என்றாள் ஜொவிட்டா ஜலேந்திரரிடம்.

ஜலேந்திரர் மூடியைப் பார்த்தார். "இன்னிக்கு ஏகாதசி. தண்ணிகூடத் தொட மாட்டேன்."

"ஏகாதசி முந்தாநாளே முடிஞ்சுதே," என்றாள் சுலோச்சனா மெதுவாக.

"அப்போ மூணு நாளா நாங்க குடிச்சது இன்னாப்பா?" என்றார் வரிசையில் ஒருவர்.

"நாங்க அஞ்சு பேரு குளிச்ச தண்ணி," என்றான் சைஃப், ஒளிக்காமல். வங்கி மேலாளர் படிக்கட்டிலேயே வாந்தியெடுத்தார். நழுவப் பார்த்த ஜலேந்திரரின் காசுப் பையை நாலு கைகள் பிடித்துக்கொண்டன.

மத்தியானம் சுலோச்சனா பொறியாளரின் தாளைக் கேட்டு வாங்கினாள். "ஆறு லட்சம்தானே?"

"ஏழு. மூணு நாள் இன்னும் ஊறியிருக்கு," என்றாள் ஜொவிட்டா. சுலோச்சனா தலையாட்டினாள்.

பகுத்தறிவுக்குப் பட்டம் வேண்டாம், நீலப் புட்டிகூட வேண்டாம். மூடியை நீட்டுகிறவனிடம் 'முதலில் நீ குடி' என்று சொல்ல ஒரு வாய் போதும். அதைத்தான் அத்தனை பேரும் தீர்த்தத்துக்குத் திறந்து வைத்திருந்தார்கள்.