நூற்றிருபது 'பிடிக்காது'

சாப்பாட்டு மேசையில் கிடந்த படிவத்தைக் கவுன்சலர் டீச்சர் மூன்றாவது தடவையாகப் புரட்டினார்.

நூற்றிருபது கேள்விகள். 'பழைய கடிகாரத்தைப் பிரித்துப் பார்ப்பது?' பிடிக்காது. 'கூட்டத்தின் முன்னால் பேசுவது?' பிடிக்காது. 'செடி வளர்வதைத் தினமும் குறித்து வைப்பது?' பிடிக்காது. கடைசிக் கேள்வி வரைக்கும் அதே கட்டத்தில், பிசிறில்லாத டிக்குகள்.

பதின்மூன்று வருடமாகப் பள்ளிக்கூடத்தில் இந்த ஆர்வப் படிவத்தை வைத்துத்தான் டீச்சர் பிள்ளைகளுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். பதில்களைக் கூட்டி, ஆறு கோபுரங்களாக வரைந்து காட்டுவார். கைவேலைக் கோபுரம் உயர்ந்தால் ஒரு வழி, கலைக் கோபுரம் உயர்ந்தால் இன்னொரு வழி. சொந்த மகளுக்குப் பள்ளியில் வைத்துக் கொடுக்கக் கூச்சப்பட்டு, பெயரெல்லாம் எழுதவேண்டாம் என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே எழுதச் சொல்லியிருந்தார்.

இந்த வரைபடத்தில் கோபுரமே எழும்பவில்லை. காலி மனை.

"படிவத்தை எழுதிட்டியா கண்ணு?"

"அப்பவே எழுதி வெச்சுட்டேனேம்மா."

"யோசிச்சுத்தானே எழுதினே?"

"மனசுல பட்டதை அப்படியே போட்டேன். ஏன், ரிசல்ட் வந்துடுச்சா?"

"இன்னும் கூட்டிப் பார்க்கலை" என்று டீச்சர் வாய் கூசாமல் பொய் சொன்னார். 'உனக்கு எதிலும் நாட்டமில்லை' என்று ஒரு பிள்ளையிடம் முகத்துக்கு நேரே சொன்னால், அது அதையே கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். மேல்வகுப்பில் எந்தப் பாடப்பிரிவு என்று எழுதிக் கொடுக்க இன்னும் பத்தே நாள்தான் இருந்தது.

கணவரிடம் போனார். அவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். இருபத்திரண்டு வருடமாக அதே கடை, அதே நாற்காலி. வீட்டிலும் வார்த்தையைத் தேய்த்துத் தேய்த்துத்தான் வெளியே விடுவார்.

"என்னங்க, நம்ம பொண்ணுக்கு எதுலயுமே ஆர்வம் இல்லை போலிருக்கே?"

"சாப்பாட்டுல இருக்கே" என்றார் அவர்.

இவரிடம் பேசிப் பிரயோஜனமில்லை என்று டீச்சரே களத்தில் இறங்கினார். நாலு வேலைகளைக் கண்ணால் பார்த்தால் எதிலாவது மனசு ஒட்டாமலா போகும்? சமையலறையில் நன்றாக இருந்த ஸ்டூலின் ஒரு காலை யாரும் பார்க்காதபோது ஆட்டி ஆட்டித் தளர்த்தினார். "கால் ஆடுது பாரு" என்று மகளையும் கூட்டிக்கொண்டு தச்சுப் பட்டறைக்குப் போனார்.

பட்டறைக்குள் காலை வைத்ததுமே மரத்தூள் பட்டு மகள் தும்ம ஆரம்பித்தாள். பதினோரு தும்மல். அந்த இடைவெளியை நிரப்ப டீச்சர் கேள்வியாகக் கேட்டார். இது எந்த மரம், அது எதற்கு, இழைப்புளியை எப்படிப் பிடிப்பது. தச்சர் பிடித்துக் காட்டினார். டீச்சர் வாங்கி இழைத்தார். சுருள் சுருளாக மரம் வந்து விழுந்ததில் கொஞ்சம் சொக்கித்தான் போனார்.

"போதும்மா, போதும்! கால் குட்டையாயிடுச்சு!" என்று தச்சர் பதறினார்.

மற்ற மூன்று கால்களையும் அதே அளவுக்குக் குறைக்கவேண்டி வந்தது. திரும்பி வந்த ஸ்டூலில் உட்கார்ந்தால் முழங்கால் காதைத் தொட்டது. கணவர் அதில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டிப் பார்த்தார். "இதுக்கு வசதியாத்தான் இருக்கு" என்றார்.

அடுத்தது பிராணிகள். அடுத்த வீட்டு அம்மாளிடம் போய், "உங்க பூனைக்குத் தடுப்பூசி போடணும்னீங்களே, நாங்க கூட்டிட்டுப் போறோம்" என்று வலியக் கேட்டு வாங்கினார்.

ஆஸ்பத்திரியில் ஊசியைக் கண்ட பூனை மருந்து அலமாரியின் உச்சிக்குத் தாவிவிட்டது. மகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். 'பார், ஒரு அடி எடுத்து வைக்கிறாளா!' என்று மனதுக்குள் நொந்துகொண்டு, டீச்சர் நாற்காலிமேல் ஏறிப் பூனையை இறக்கினார். கை நிறையக் கீறல்.

"நல்ல பிடி மேடம் உங்களுக்கு" என்றார் டாக்டர்.

வீட்டு வாசலில் கீறல்களைப் பார்த்த அடுத்த வீட்டு அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "சாதுவான பூனையாச்சே! அதுக்கு ஏதோ பெரிய வியாதி. என்கிட்ட மறைக்கறீங்க!"

வியாதி இல்லை என்று புரியவைக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அழுகை ஓய்ந்து கிளம்பும்போது அந்த அம்மாள் தன் மருமகளைப் பற்றியும் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார்.

மறுநாள் தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார்.

"உட்காருங்க டீச்சர். எத்தனை நாளா இந்த எண்ணம்?"

"எந்த எண்ணம் மேடம்?"

"தச்சுப் பட்டறை, மாட்டாஸ்பத்திரி... உங்க பொண்ணு அவ கிளாஸ் டீச்சர்கிட்ட அழுதிருக்கா. அம்மாவுக்கு இந்த வேலை அலுத்துப்போச்சு, ரகசியமா வேற வேலை பழகறாங்க, ஸ்டூலைக்கூட அவங்கதான் உடைச்சாங்க, நான் பார்த்தேன்னு."

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ மேடம், அது வேற விஷயம்!"

"மனசு இல்லாதவங்களைப் பிடிச்சு வெச்சுக்கறது எனக்குப் பிடிக்காது. உங்க இடத்துக்கு ஒருத்தங்களைப் பேசிட்டேன். திங்கட்கிழமை வர்றாங்க."

"நான் எங்கேயும் போகலையே!"

தலைமையாசிரியை மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். "அப்படின்னா இதை எழுதிக் காட்டுங்க. பதின்மூணு வருஷமா எல்லார்கிட்டயும் இது பொய் சொல்லாதுன்னு நீங்கதானே சொல்றீங்க?"

டீச்சர் தன் அறையில், பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து எழுதினார். தப்பாகிவிடுமோ என்று முதல் பக்கத்தில் ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தடவை படித்தார். 'அடுத்தவர் குறையைப் பொறுமையாகக் கேட்பது?' பிடிக்கும். 'அழுகிறவரைச் சமாதானப்படுத்துவது?' ஒன்றரை மணி நேரம் நினைவுக்கு வந்து சிரிப்பு வந்தது. பிடிக்கும். 'மரத்தில் பொருள்கள் செய்வது?' அந்தச் சுருளை நினைத்துக்கொண்டார். அதுவும் பிடிக்கும்தான், ஆனால் ஸ்டூலுக்குப் பிடிக்காது. பாதியிலேயே பயம் போய்விட்டது. மக்களோடு பழகும் கோபுரம் வரைபடத் தாளை முட்டிக்கொண்டு நின்றது.

தலைமையாசிரியை மேலும் கீழும் பார்த்தார். "சரி. வர்றவங்களை லைப்ரரிக்குப் போட்டுக்கறேன். நீங்க போய் உங்க பொண்ணுகிட்ட பேசுங்க."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது டீச்சருக்கு உடம்பே லேசாக இருந்தது. தான் சரியான இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்பதைத் தாளில் பார்ப்பது தனி சுகம். மகளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டார்.

"அம்மா வேற வேலைக்கெல்லாம் போகலைடி. உனக்காகத்தான் அலைஞ்சேன். பாரு, நூத்திருபதுக்கும் பிடிக்காதுன்னு போட்டிருந்தே. நான் என்ன பண்ணுவேன்?"

மகள் படிவத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். "இது என்னுது இல்லையே! நான் பாதிக்கு மேல பிடிக்கும்னு போட்டேன். தொலையக்கூடாதுன்னு உன் கையேட்டுக்குள்ள வெச்சேன்."

அலமாரியில் இருந்த கையேட்டை உதறினார்கள். படிவம் விழுந்தது. கைவேலை, பிராணிகள், ஓவியம் என்று பக்கத்துக்குப் பக்கம் 'பிடிக்கும்'.

"பிராணிகள்னா அவ்வளவு பிடிக்குமா? அப்புறம் ஏன் அங்கே மரம் மாதிரி நின்னே?"

"நீ எங்கேம்மா விட்டே? தும்மி முடிக்கறதுக்குள்ள இழைப்புளி உன் கையில. நான் பூனையைக் கூப்பிட வாயைத் திறக்கறதுக்குள்ள நீ நாற்காலிமேல!"

டீச்சருக்கு வெட்கமாகவும் இருந்தது, பூரிப்பாகவும் இருந்தது. மகளைக் கட்டிக்கொண்டு சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"அப்போ இது யாரு எழுதினது?"

கணவர் பேப்பரைத் தாழ்த்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"மேசையில ஒண்ணு மிச்சம் கிடந்துச்சேன்னு நான்தான் எழுதி வெச்சேன். ஆனா நூத்திருபது கேள்வி கேட்டிருக்காங்களே, ஒண்ணுலகூட லென்ஸ் தேய்க்கறது வரலியேம்மா?"