மைக்செட் போட்ட டீம்

உலகத்தில் எத்தனையோ பேர் கால்பந்து அணி தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். சாவு வீட்டில் வைத்து, ஒலிபெருக்கியில், நாலு தெருவுக்கும் கேட்கும்படி அணியை அறிவித்த ஒரே மனிதர் எங்கள் ஊர் மைக்செட்தான். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது பங்குச் சாமியாருக்கும் ரேஷன் கடைக்கும் மட்டும் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் மைக்செட். கல்யாணம், கருமாதி, கோயில் கொடியேற்று எதுவானாலும் அவருடைய லோடு ஆட்டோ குழல் ஒலிபெருக்கிகளோடு வந்து நிற்கும்.

இராஜாக்கமங்கலத்துக்குத் தெற்கே கடலை ஒட்டியது எங்கள் ஊர். ஆறு கடலில் சேரும் பொழிக்கு அந்தப் பக்கம் அடுத்த ஊர். இரு ஊருக்கும் பெண் கொடுத்து எடுக்கும் உறவு உண்டு. மைக்செட்டின் மனைவி பெனிற்றா அக்காவே அந்த ஊர்க்காரிதான். வருடம் முழுக்க மாமன் மச்சான் என்று கொஞ்சிக்கொண்டிருப்பவர்கள், திருவிழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடற்கரையில் பந்து விளையாடும்போது மட்டும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்க்கமாட்டார்கள்.

அந்த ஆட்டத்துக்கு யாரை எடுப்பது என்பதுதான் மைக்செட்டின் முழுநேரச் சிந்தனை. அவர் பந்தை உதைத்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் மைக்கைக் கையில் எடுத்தால் மற்றவர்களைப் போல 'ஹலோ, ஹலோ' என்று சோதிக்கமாட்டார். "கோலி வினோ, ஸ்டாப்பர் பேக் சகாயம்..." என்று ஆரம்பித்துவிடுவார். ஒருமுறை மரண வீட்டில் அப்படி ஆரம்பித்தபோது, அப்பாவின் பெட்டியைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்த மூத்த மகன் சட்டென்று தலையைத் தூக்கி, "ஓய், சகாயம் போன மேட்ச்சுல சுளுக்கு பிடிச்சவன்லா? அவன எதுக்குப் போடுகீரு?" என்று கேட்டுவிட்டு மறுபடி அழப் போனார்.

அருள் என்ற பையனின் கல்யாணத்தில் நடந்தது இன்னும் மோசம். மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கிக் கோயில் படியில் கால் வைக்கிறான். ஒலிபெருக்கி சொல்கிறது: "சென்டர் ஹாஃப் அருள் வேண்டாம். கல்யாணம் முடிஞ்ச பய, கொஞ்ச நாளைக்கு ஓடமாட்டான்." பெண் வீட்டார் சிரித்தார்கள். அருள் பலிபீடம் வரை முறைத்துக்கொண்டே போனான்.

இதிலெல்லாம் என் வருத்தம் வேறு. நான் லெஃப்ட் பேக். அதாவது, நானே அப்படிச் சொல்லிக்கொள்வேன். நாகர்கோவிலில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை, ஓய்வில் பத்திரிகைகளுக்கு எழுதுவது, சட்டைப் பொத்தான்களுக்குச் சிரமம் கொடுக்கும் வயிறு. இவற்றோடு ஒரு ஜோடி பூட்ஸும் வைத்திருந்தேன். அதற்கு மாதம் தவறாமல் பாலிஷ் போட்டேன். மணல் மட்டும் பட்டதில்லை. மைக்செட் என்னை எடுக்கவில்லை என்பதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அருளைப் போல 'வேண்டாம்' என்று ஒரு தடவையாவது மைக்கில் சொல்லியிருக்கலாம் அல்லவா? நிராகரிக்கப்படவும் ஒரு தகுதி வேண்டும் போலிருக்கிறது. எனக்கு அதுவும் இல்லை.

மைக்செட் அறிவித்த அணியை யாரும் பொருட்படுத்தியது கிடையாது. அணியைப் போடுவது பள்ளிக்கூடத்து பி.டி. சார்தான். அந்த வருடம் அவர் மகளின் பிரசவத்துக்காகக் குவைத்துக்குப் போய்விட்டார். விளையாட்டுச் சங்கத்துக்காரர்கள் கூடிப் பேசினார்கள். ஒருவருக்கொருவர் சண்டை போட்டார்கள். கடைசியில் அலுத்துப்போய் மைக்செட்டிடம் வந்து, "இந்த வருசம் நீரே டீம் போடும், ஓய்" என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றோடு மைக்செட்டின் வாய் அடைத்துவிட்டது.

நவநாள் ஜெபத்துக்கு மைக் சோதித்தபோது, "ஹலோ... ஹலோ..." என்று மட்டும் சொன்னார். ஊரே பயந்துபோனது. பங்குச் சாமியார் வெளியே வந்து, "உடம்புக்கு என்ன?" என்று விசாரித்தார். மறுநாள் பெனிற்றா அக்கா என்னை வழியில் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, நீ வந்து கொஞ்சம் பேசிப் பாரு. மனுசன் மீன் குழம்ப முன்னால வச்சிட்டு அதையே பாத்துட்டு இருக்காரு. எங்க ஊர்க்காரனுவளே ஜெயிச்சிட்டுப் போட்டும். இவரு வாயத் தொறந்தாப் போதும்."

நான் போனேன். அக்கறையோடுதான் போனேன். பூட்ஸைப் பையில் எடுத்துக்கொண்டு போனது அக்கறையில் சேராது என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன். மைக்செட் வயர்ச் சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்து, தரையில் பிளக்குகளை ஆட்டக்காரர்களாக நிறுத்தியிருந்தார். பத்து பிளக் இருந்தது. லெஃப்ட் பேக் இடம் காலி.

பையை அவர் கண்ணில் படும்படி நகர்த்தி வைத்தேன். அந்த இடத்துக்குச் செரின் இருந்தான். மாவட்டத்திலேயே அவனைப் போன்ற லெஃப்ட் பேக் கிடையாது. அவனை வைக்க யோசிப்பானேன்?

"மக்கா," என்றார் மைக்செட், நிமிராமலே. "ஒரு பய ஆடியே தீருவேன்னு ஒத்தக் கால்ல நிக்கான். அவன எடுக்கணுமா, வேண்டாமா?"

என்னைத்தான் நேரில் சொல்லக் கூச்சப்பட்டுச் சுற்றி வளைக்கிறார் என்று எனக்குப் பட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவ்வளவு ஆசப்படுகவனுக்கு ஒரு சந்தர்ப்பம் குடுக்கணும் அண்ணே" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பையிலிருந்து எட்டிப்பார்த்த பூட்ஸைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

சனிக்கிழமை மாலை ஒலிபெருக்கியில் அணி வந்தது. லெஃப்ட் பேக் என்று சொல்லிவிட்டு என் பெயரைச் சொன்னார். மின்சாரக் கோளாறு என்று சிலர் நினைத்தார்கள். என் மனைவி அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "யாரு செத்துப்போனது?" என்று கேட்டாள். அரை மணி நேரத்தில் மைக்செட் வீட்டு வாசலில் கூட்டம். செரின் அழாத குறையாக நின்றான்.

"ஓய், நீரு அந்த ஊர்ல பெண்ணெடுத்ததுக்கு நன்றி காட்டுகீரா?" என்று ஒருவர் நேராகவே கேட்டார்.

"நான் போட்ட டீம் போட்டதுதான். போங்க, சோலியப் பாருங்க" என்றார் மைக்செட். காரணம் சொல்லவில்லை.

ஆட்டத்துக்கு முன் என்னை மட்டும் தனியே கூப்பிட்டார். எதிரணியில் ரீகன் என்ற ரைட் விங்கர் காற்றாகப் பறப்பவன். "நீ பந்துக்குப் பக்கத்துலயே போகாத. ரீகன் பக்கத்துல நின்னு பேசிட்டே இரி. நீ பேசுனா எவனுக்கும் தல சுத்தும். அது ஒனக்குக் கடவுள் குடுத்த வரம்."

அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். முதலில் ரீகனின் படிப்பை விசாரித்தேன். பிறகு என் ரத்தக் கொழுப்புக்கு டாக்டர் எழுதிய மாத்திரைகளை விளக்கினேன். அதற்கும் அவன் அசராமல் ஓடியதால், மூச்சிரைக்கப் பின்னால் ஓடி நான் எழுதிய கட்டுரை ஒன்றை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன். மூன்றாவது பத்தி வருவதற்குள் அவன் நடுவரிடம் போய், "சார், இந்த மாமா வாய மூடச் சொல்லுங்க" என்றான். சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று நடுவர் கைவிரித்தார். ரீகன் இடது பக்கத்துக்கு இடம் மாறிப் போய்விட்டான். இடைவேளை வரை கோல் விழவில்லை. முந்தின நாள் மைக்செட்டைத் திட்டியவர்கள் அவருக்குச் சர்பத் வாங்கிக் கொடுத்தார்கள்.

ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் அவர்களுக்கு ஒரு கார்னர். நான் கோலுக்கு முன்னால், கண்ணை மூடிக்கொண்டு, வீரத்தோடு நின்றேன். ஏதோ வயிற்றில் மோதியது. கண்ணைத் திறந்தால் பந்து வலைக்குள் கிடக்கிறது. ஆயுளில் முதல் தடவையாக என் மேல் பட்டு ஒரு கோல் விழுந்த சந்தோஷத்தில் இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். எங்கள் வலை அது என்பதைக் கோலி வினோ சொல்லித்தான் தெரிந்தது. அவன் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

சேம் சைடு கோலில் தோற்றோம். கூட்டம் என்னை நோக்கி வந்தது. "எவம்லே இவன எடுத்தது?" என்ற சத்தம் கேட்டது. அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது.

"அவன எடுத்தது நான். ஏசணும்னா இங்க வந்து என்ன ஏசுங்க. அவனால முடிஞ்ச மட்டும் அவன் ஓடுனான்."

கூட்டம் திசை மாறியது. வெகுநேரம் ஏசினார்கள். மைக்செட் வயரைச் சுருட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு முட்டி மடங்கவில்லை. லோடு ஆட்டோவில் ஒலிபெருக்கிகளுக்கு நடுவே என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். பாதி வழியில் கேட்டேன், செரினை ஏன் எடுக்கவில்லை என்று.

"அவனுக்கு வலது கணுக்கால் வீங்கிக் கிடக்கு மக்கா. கோயில் படி எறங்கச்செல பாத்தேன். அடுத்த வாரம் திருவனந்தபுரத்துல பெரிய டீமுக்கு ஆளெடுக்கானுவ. இன்னைக்கு மணல்ல ஆடியிருந்தான்னா அவன் கதை முடிஞ்சிருக்கும். காரணத்த வெளிய சொன்னா அங்க உள்ளவனுவ காதுக்குப் போவும். ஒத்தக் கால்ல நிக்கான்னு ஒங்கிட்ட சொன்னேம்லா? நெசமாவே ஒத்தக் கால்ல தான் நின்னான்."

"அப்ப என்ன எதுக்கு எடுத்தீரு?"

"பூட்ஸோட வந்து நின்னியே" என்றார்.

செரின் இப்போது கேரளத்தில் ஆடுகிறான். அவனுக்கு விஷயம் தெரியாது. இதைப் படித்தால் தெரியும்.

என் வீட்டு வாசலில் என்னை இறக்கிப் படியில் உட்காரவைத்தார். குனிய முடியாமல் நான் தவித்ததைப் பார்த்துவிட்டு, தரையில் உட்கார்ந்து என் பூட்ஸ் கயிற்றை அவரே அவிழ்த்தார். ஒவ்வொரு பூட்ஸாகக் கவிழ்த்து மணலைக் கொட்டினார். இரண்டையும் சுவரோரம் ஜோடியாக வைத்தார்.

"அடுத்த வருசம் ஒன்ன எடுக்க மாட்டேன், கேட்டியா?" என்றார்.

அவ்வளவு அன்பாக என்னை யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.