சாக்சன் பெயர் தேடிய கதை

பிள்ளைக்குப் பெயர் வைக்கும் பொறுப்பை மட்டும் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசரிடம் கொடுக்கவே கூடாது. பட்டவன் சொல்கிறேன். எங்களுக்கு எதையும் ஒரே தடவையில் முடிக்கத் தெரியாது. துணி வந்தால் நிறம் சரியில்லை என்போம். நிறம் வந்தால் பட்டன் சரியில்லை என்போம். எல்லாம் சரியாக இருந்தால் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்று தவியாய்த் தவிப்போம். (நான் சாப்பிடும்போதுகூட எழுந்து நடந்துகொண்டே சாப்பிடுகிற ஆள். "ஏனுங்க, ரசத்தையாவது உக்காந்து குடிங்க" என்பாள் என் மனைவி பிரியா.)

பிரியாவுக்குத் தன் பெயர்மேல் தீராத வருத்தம் ஒன்று உண்டு. அவள் படித்த வகுப்பில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பிரியா. டீச்சர் கூப்பிட்டால் ஒரு பெஞ்சே எழுந்து நிற்குமாம். எங்களுக்கு மகன் பிறந்தான். கார்த்திகை நட்சத்திரம், 'எ' எழுத்தில் பெயர் வைக்கச் சொன்னார் ஜோசியர். "எழிலன்" என்றாள் அவள் உடனே. சொல்லும்போதே முகம் அப்படி மலர்ந்தது. அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "நம்ம வீதியிலயே ஒரு எழிலன் இருக்கானே" என்றேன்.

அவள் தொட்டிலை ஒரு முறை ஆட்டிவிட்டாள். பிறகு, "சரிங்க. யாருக்குமே இல்லாத பேரா நீங்களே கொண்டு வாங்க. ஆனா, இதே திருப்பூர்ல அந்தப் பேருல இன்னொருத்தன் இருந்தான்னா, எழிலன்தான். அப்பறம் பேசக் கூடாது" என்றாள். நானும் வீராப்பாகத் தலையாட்டினேன்.

அந்தச் சமயம் பார்த்து ஓர் இங்கிலாந்து ஆர்டர் வந்தது. கைக்குழந்தைகளுக்கான ரோம்பர், அதாவது மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த உடை. ஒவ்வொன்றின் நெஞ்சிலும் ஒரு பழைய சாக்சன் பெயர், அதன் கீழே அதன் அர்த்தம். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் இருந்த சாக்சன்கள் தங்கள் பிள்ளைகளுக்கு வைத்த பெயர்களாம். ஆல்ஃபிரட் என்றால் வனதேவதைகளின் ஆலோசனை பெற்றவன். மில்ட்ரெட் என்றால் மென்மையான வலிமை. எட்வர்ட், செல்வத்தின் காவலன். எட்கர், செல்வமும் ஈட்டியும். எட்வின், செல்வத்தின் நண்பன். பெயருக்குப் பெயர் செல்வம்! இவர்கள் நிஜமாகவே சாக்சன்கள்தானா, இல்லை பல்லடம் பக்கத்திலிருந்து கப்பல் ஏறிப் போனவர்களா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

எட்வின் என்ற பெயரில் என் மனம் ஒட்டிக்கொண்டது. 'எ' இருக்கிறது, செல்வம் இருக்கிறது, வாய்க்கும் இதமாக இருக்கிறது. இனி இந்த ஊரில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்தேன். எப்படி? ஆபீஸ் மாடியில் ஏசி அறையில் இருந்த அத்தனை பேரையும் விசாரித்தேன். யாரும் கேள்விப்பட்டதில்லை என்றார்கள். தெற்கேயிருந்து வந்து வேலை செய்யும் கிறிஸ்தவர்கள் ஒரு கணம் ஞாபகத்துக்கு வந்தார்கள்தான். ஆனால் அவர்கள் பைபிளைப் பார்த்துத்தானே பெயர் வைப்பார்கள்? பைபிளில் எட்வின் கிடையாது. ஆகவே திருப்பூரில் எட்வின் கிடையாது. (இந்த ஆராய்ச்சிக்கு எனக்கு டாக்டர் பட்டம் தராதது பெரிய அநியாயம்.)

பெயரைப் பிரியாவிடமும் அவள் தம்பியிடமும் மட்டும் சொன்னேன். பெயர்சூட்டு விழாவில் எல்லோரும் மலைக்க வேண்டும் என்று ஆசை.

திருப்பூர் ராயபுரத்தில் ஒரு சின்ன மண்டபம். உடுமலைப்பேட்டையிலிருந்து என் மாமனார் தோப்பு இளநீரும் சொந்தபந்தமுமாக இரண்டு வேன் நிறைய வந்து இறங்கினார். கம்பெனி ஆட்கள் அத்தனை பேரையும் அழைத்திருந்தேன். கட்டிங் மாஸ்டரை மட்டும் வீட்டுக்கே போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தேன். காரணம் உண்டு. பிரியாவுக்கு வலி எடுத்த அன்று நான் ஒரு சாயப்பட்டறையில், வேறோர் ஆர்டருக்கு வேண்டிய இளநீலம் வருமா வராதா என்று முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தேன். மிஷின் இரைச்சலில் போன் அடித்தது காதில் விழவில்லை. அவள் கம்பெனிக்குப் போன் செய்ய, கட்டிங் மாஸ்டர்தான் கத்திரியைப் போட்டுவிட்டு கம்பெனி வேனை எடுத்துக்கொண்டு ஓடினார். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது என் மகனை எனக்கு முன்பே பார்த்துவிட்டிருந்தார் அவர். கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு அவர் மாஸ்டர். ஊர் தூத்துக்குடிப் பக்கம் என்பது தெரியும். அதற்கு மேல் தெரிந்துகொள்ளத் தோன்றியதே இல்லை.

விழா தொடங்கியது. பிரியாவின் தம்பி மடியில் குழந்தையை வைத்துக்கொண்டான். எங்கள் வழக்கப்படி தாய்மாமன்தான் குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு மேடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். "இந்தப் பேரு ஆயிரம் வருசத்துப் பேருங்க. நம்மூர்ல, ஏன், சுத்துப்பட்டுல யாருக்குமே இல்லாத பேருங்க" என்று முழங்கிவிட்டுக் கயிற்றை இழுத்தேன். பேனர் விரிந்தது. எட்வின். கீழே, செல்வத்தின் நண்பன்.

முன்வரிசை அதை எழுத்துக்கூட்டிப் படித்தது. மாமனார் எழுந்தார். "ஏனுங் மாப்பிள்ளை, இது எந்தூருப் பேருங்க?"

"இங்கிலாந்துப் பேருங்க மாமா. சாக்சன் பேரு."

"என்னமோ போங்க... செல்வத்துக்கு நண்பன்னு போட்டிருக்குதுங்களே, நெசந்தானுங்களா?"

"நெசந்தானுங்க மாமா."

"அப்பச் சரிங்க!" என்று சொல்லிவிட்டு, பின்னால் இருந்த சொந்தங்களிடம் திரும்பி, "காசு பணத்துக்குச் சிநேகிதனாமா!" என்று விளக்கினார். உடுமலைப்பேட்டை கைதட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் கடைசி வரிசையில் ஒரு நாற்காலி விழும் சத்தம் கேட்டது. மாஸ்டர் எழுந்து வந்துகொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. மேடை ஏறி என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"சார்... நா அப்படி என்ன பெரிய காரியம் செஞ்சிட்டேன்னு எம் பேர உங்க பிள்ளைக்கு வச்சிருக்கீய? எங்கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான் சார்!"

என் கையில் மைக் இருந்ததால் இது மண்டபம் முழுக்கக் கேட்டது. என் மூளை அப்படியே நின்றுபோனது. "மாஸ்டர், உங்க பேரு..." என்று மைக்கிலேயே ஆரம்பித்துவிட்டேன். பிரியா என் காலை ஓங்கி மிதித்தாள். (பட்டுப்புடவைக்குள் அவ்வளவு பலம் இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.)

விஷயம் அதற்குள் பரவிவிட்டது. "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனவரு பேரையே வச்சுட்டாருங்களாமா!" என்று முன்வரிசை உருகியது. தெற்கத்திக் கம்பெனி ஆட்கள் இருந்த கடைசி வரிசையிலோ வேறு குரல்கள். "எங்க சித்தப்பா மவனும் எட்வின்தாம்லா!" "அயர்ன் பண்ணுத தம்பி பேரும் அதுதான!" எங்கள் செக்கிங் அக்கா பக்கத்தில் இருந்தவரிடம் பெருமையாக, "எம் பேரும் மில்ட்ரெட்தான், சாருக்குத் தெரியாது போலுக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரப் பாதிரிமார்கள் அந்தக் காலத்திலேயே தூத்துக்குடிப் பக்கம் விட்டுப்போன பெயர்களாம். இங்கிலாந்துக்காரன் கம்ப்யூட்டரில் அனுப்பிய டிசைன் பாதி, கடைசி வரிசையில் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

மைத்துனன் குழந்தையின் காதருகே குனிந்தவன் அப்படியே நிமிர்ந்து பார்த்தான். "அக்கா... என்ன பேருங்கக்கா சொல்றது?"

போட்ட நிபந்தனை அவனுக்கும் தெரியும். பிரியா ஜெயித்துவிட்டாள். 'எழிலன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் ஆசைப்பட்ட பெயர் அவள் பிள்ளைக்கு வந்துவிடும். நான் தலைகுனிந்து நின்றேன். மாஸ்டர் தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரியா அவரைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"எட்வின்னே சொல்லுடா" என்றாள். என் வாழ்நாளில் அவள்மேல் அவ்வளவு பாசமும் என்மேல் அவ்வளவு எரிச்சலும் ஒரே நேரத்தில் வந்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்தேன். அவள் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "ஏனுங்க, இங்கிலாந்துல எவனெவன் பேருக்கோ அர்த்தமெல்லாம் சொல்றீங்க. நம்மளைக் காப்பாத்துன மனுசன் பேரு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

உண்மையை மாஸ்டரிடம் சொல்லிவிடலாம் என்று பலமுறை கட்டிங் டேபிள் வரை போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவர் புதிதாக வந்த ஆட்களிடம், "இவியதான், எம் பேரத் தன் பிள்ளைக்கு வச்சவிய" என்று அறிமுகப்படுத்துவார். நான் பல்லைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவேன். வீட்டில் எனக்கு ஏதாவது புது யோசனை தோன்றினால் போதும், கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும் நிலமோ புதுமாதிரி ஸ்கூட்டரோ எதுவானாலும், "மாஸ்டரைக் கேட்டீங்களா?" என்பாள் பிரியா. மாமனார்கூட இதைக் கற்றுக்கொண்டுவிட்டார்.

சென்ற வருடம் மாஸ்டரின் மகளுக்கு ஆண் குழந்தை. ஞானஸ்நானத்துக்கு எங்களைக் குடும்பத்தோடு அழைத்து முன் பெஞ்சில் உட்கார வைத்தார். பாஸ்டர் பேப்பரில் இருந்த பெயரை ஒரு முறை பார்த்தார், மாஸ்டரை ஒரு முறை பார்த்தார். மாஸ்டர் 'ஆமாம்' என்று தலையாட்டினார். பாஸ்டர் குழந்தையின் நெற்றியில் தண்ணீரைத் தெளித்து, "செந்தில்குமார்" என்றார்.

அது என் பெயர்.

"அர்த்தமெல்லாம் எனக்குத் தெரியாது சார்" என்றார் மாஸ்டர் வெளியே வந்ததும். "உங்க பேரு. அது போதும்." நான் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பிரியா என் காதருகே வந்தாள். "இந்தச் சர்ச்சுல இன்னொரு செந்தில்குமார் இருக்கவே மாட்டானுங்க. யாருக்கும் இல்லாத பேரு தேடுனீங்களே, இருந்தது உங்ககிட்டத்தான்" என்று சொல்லிவிட்டு, அடக்க முடியாமல் சிரித்தாள். மாஸ்டரும் என்னவென்று தெரியாமலே கூடச் சிரித்தார்.

அன்றிலிருந்து கம்பெனியில் என் மகன் சின்ன மாஸ்டர். மாஸ்டர் வீட்டில் நான் பெரிய செந்தில்.