விரிசல் விட மறுத்த பலகை

ஊரில் உள்ள பாலமெல்லாம் தொட்டால் விரிசல் விடுகிறது. எழில்மொழி போட்ட பாலம் மட்டும் விடமாட்டேன் என்று அடம்பிடித்தது. விரிசல் விழுந்தால்தான் அவளுக்கு டாக்டர் பட்டம்.

தஞ்சாவூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் அவள் ஆராய்ச்சி மாணவி. வைக்கோல் நாரையும் பிசினையும் சேர்த்து அழுத்திப் பலகை செய்து, உள்ளே சென்சார்களைப் புதைத்திருந்தாள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்தாலும் அவள் லேப்டாப் 'கீ' என்று கத்த வேண்டும். அதற்காகத் திருவையாறு பக்கத்துக் கிராமம் ஒன்றில் அந்தப் பலகையை வாய்க்காலுக்குக் குறுக்கே நடைபாலமாகப் போட்டாள். பலகையின் அடிவயிற்றைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் கலங்கலாக ஓடியது.

போட்ட அன்றைக்கே, எதிர் வயல்காரி பொன்னுத்தாய் மோர்ச் சொம்போடு வந்து விசாரித்தாள்.

"பாலத்தையே உத்துப் பாக்குறியே, என்ன பாப்பா?"

"உடையுதான்னு பாக்குறேன்க்கா. இதுலதான் என் படிப்பே இருக்கு."

பொன்னுத்தாயின் முகம் வாடிவிட்டது. ஒன்றும் ஆகாது என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.

கணக்குப்படி நாலு பேர் சேர்ந்து நடந்தாலே மயிரிழை விரிசல் விழவேண்டும். ஊரே நடந்தது. லேப்டாப் வாயைத் திறக்கவில்லை. எழில்மொழி ஒயரை மாற்றினாள். சுத்தியலால் பலகையை லேசாகத் தட்டியதும் லேப்டாப் ஊரைக் கூட்டியது. ஆக, சென்சாரில் கோளாறில்லை. பலகைக்குத்தான் திமிர்.

விடுவாளா அவள்? நெல் மூட்டைகளைச் சைக்கிளில் வைத்துத் தள்ளச் சொன்னாள். அடுத்து எருமைகள் என்று முன்கூட்டியே ஊருக்கு அறிவித்தாள். ஊரார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எருமைகள் வந்தன, போயின. முன்பெல்லாம் லேசாகத் தொய்ந்த பலகை இப்போது தொய்யக்கூட இல்லை. பாரம் ஏற ஏற அது பலப்பட்டுக்கொண்டே போனது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத அதிசயம் இது. எழில்மொழிக்கு அழுகையாக வந்தது.

இந்த மாதத்துக்குள் விரிசல் கணக்கு வராவிட்டால் வேறு தலைப்பில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான் என்று வழிகாட்டிப் பேராசிரியர் நாகேஸ்வரன் சொல்லிவிட்டார். கடைசி முயற்சியாக, அவர் வரும் நாளில் அந்த ஊர் விவசாயி இராஜாங்கத்தின் உழவு இயந்திரமான பவர் டில்லரையே பாலத்தில் ஏற்றுவதென்று முடிவு செய்தாள். உடைந்தே போனாலும் சரி.

பவர் டில்லர் தடதடவென்று இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்தது. லேப்டாப் தூங்கியது.

நாகேஸ்வரன் பிரமித்து நின்றுவிட்டார். விரிசலாவது மண்ணாவது, வைக்கோலில் இரும்பையே செய்திருக்கிறாள் இந்தப் பெண் என்று குதித்தார். அங்கேயே நின்று கல்லூரி முதல்வருக்கு போன் போட்டு, காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப் போவதாக முழங்கினார். எழில்மொழி, இத்தனை நாள் திட்டிய பலகையைக் குனிந்து தடவிக் கொடுத்தாள். இனி அவளுக்குப் பட்டம் நிச்சயம்.

பொன்னுத்தாய் நீட்டிய மோரைப் பேராசிரியர் வாங்கிக்கொண்டு பெருமையாகச் சொன்னார்:

"பாத்தீங்களாம்மா? இந்தப் பாலம் ஒடையவே ஒடையாது."

"ஒடைய விட்டுருவோமா சார்? புள்ள படிப்பு கெட்டுடக் கூடாதுன்னு அன்னிக்கே தண்ணிக்குள்ள எறங்கி, தென்னங்கட்டைய வச்சு அடியில முட்டுக் குடுத்துட்டோம்; பாப்பா பாரத்த ஏத்த ஏத்த, நாங்களும் கட்டைய ஏத்திக்கிட்டேதான் இருக்கோம்."