வீட்டுத் தொலைபேசியில் சங்கு முழங்கிய வரலாறு

இறைவனைப் பாடுவதற்கு இடமும் பொழுதும் பார்க்கத் தேவையில்லை என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். தொலைபேசிக்குள் மட்டும் பாடக் கூடாது என்பதை என் மகள் தேன்மொழியின் திருமணப் பேச்சின்போதுதான் கற்றுக்கொண்டேன்.

தேயிலைத் தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வெள்ளிக்கிழமைதோறும் தோட்டத்துக் கோயிலில் பதிகம் பாடுவது என் பணி. எடுத்த பதிகத்தை நடுவில் நிறுத்தும் வழக்கம் என்னிடம் கிடையாது. (தோட்டத்து மக்கள் நான் பாடத் தொடங்கியதும் வீட்டுக்குப் போய், உலையில் அரிசியைப் போட்டுவிட்டுத் திரும்பி வருவார்கள் என்று என் மனைவி கமலம் சொல்வாள். அது முழுப்பொய் அன்று.)

எங்கள் பள்ளத்தாக்கில் கைப்பேசிக்கு அலை கிடைப்பது அரிது. அதனால் கோலாலம்பூரில் இருக்கும் மகன், இணையத்தின் வழியே வீட்டுத் தொலைபேசியை இயக்கும் அடாப்டர் ஒன்றை வாங்கி அனுப்பினான். சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். நாங்கள் எடுக்காவிட்டால், அழைப்பவருக்கு அதுவே பதில் சொல்லிவிட்டுத் துண்டித்துவிடும். அந்தப் பதிலைச் சொன்னவள் ஓர் ஆங்கிலப் பெண். முன்பின் அறியாத ஒருத்தி என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, வருகிறவர்களை அந்நிய மொழியில் திருப்பி அனுப்புவது எனக்குப் பொறுக்கவில்லை.

"அவ குரலை அழிச்சிட்டு உங்க குரல்லயே பதிவு பண்ணலாம்பா. ஒரு நிமிசம்தான் பதிவாகும். சுருக்கமா பேசுங்க" என்று மகன் வழி சொல்லிக் கொடுத்தான்.

'சுருக்கமாக' என்ற சொல் என் செவியில் ஏறவில்லை.

மங்கலமாகத் தொடங்க வேண்டும் என்று கோயிலிலிருந்து சங்கையும் சேகண்டியையும் கொண்டுவந்தேன். சங்கு எனக்கு, சேகண்டி கமலத்துக்கு. அவள் அதைக் கையால் தொட மறுத்தாள்.

"என்னாங்க, நடுவீட்டுல சங்கும் சேகண்டியும் எப்ப கேக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? யாராச்சும் செத்தாத்தானே கேக்கும்?"

"அறியாமை! கோயிலில் மங்கலமான ஒலி வீட்டுக்கு வந்தால் அமங்கலம் ஆகிவிடுமா? ஒலிக்கு ஏது இடபேதம்?"

"ஒலிக்கு இல்ல. கேக்குறவங்களுக்கு இருக்குலா."

அவள் சொன்னதை நான் பொருட்படுத்தவில்லை. சங்கை நானே ஊதினேன், சேகண்டியையும் நானே தட்டினேன். பிறகு, உடல் நிலையாதது, திருவடியே துணை என்னும் பொருளமைந்த பதிகம் ஒன்றை முகாரியில் எடுத்தேன். உள்ளம் உருகுவதற்கு முகாரியை விஞ்சிய இராகம் இல்லை என்பது என் கருத்து. பாடல் நிறைவெய்திய பின், "அன்புடையீர், இவ்வில்லத்தார் ஆலயம் சென்றுள்ளமையால் தங்கள் அழைப்பை ஏற்க இயலவில்லை, பொறுத்தருள்க" என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லி முடித்தேன்.

பதிவைக் கேட்டுப் பார்ப்பதற்கும் ஓர் எண் இருந்தது. நான் அதை அழுத்தவில்லை. தன் பாட்டைத் தானே கேட்டு மகிழ்வது அகந்தை அல்லவா?

அந்த வாரத்தில்தான் திரிங்காப்பிலிருந்து ஒரு முடிவு வரவேண்டியிருந்தது. அங்கே பூத்தோட்டம் வைத்திருக்கும் ஆறுமுகமும் அவர் மனைவி சரசம்மாவும் தங்கள் மகன் குமரனுக்குத் தேன்மொழியைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். "கலந்து பேசிட்டு போன் போடுறோம்" என்பது அவர்கள் வாக்கு. முன்பு வந்த வரன்களையெல்லாம் ஒரு சொல்லில் தட்டிக் கழித்த என் மகள், இப்போது தொலைபேசி இருக்கும் மேசையையே நாள்தோறும் துடைத்துக்கொண்டிருந்தாள். கமலம் என்னிடம் சொன்னாள்: "இந்த இடம் தவறுச்சுன்னா புள்ள மனசு ஒடிஞ்சிரும். நீங்க எதையும் கெடுத்து வைக்காம இருந்தா போதும்."

வெள்ளிக்கிழமை மாலை மூவரும் கோயிலுக்குப் போனோம். அன்றைக்குத்தான் ஆறுமுகம் அழைத்திருக்கிறார். எங்கள் பழைய தொலைபேசியில் அழைத்தவர் எண்ணைக் காட்டும் திரை கிடையாது. எனவே எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

மறுநாள் காலை, குளித்துத் திருநீறு பூசி, ஈர வேட்டியோடு வாசலுக்கு வந்தேன். பூ ஏற்றும் லோரி ஒன்று ஏறி வந்து நின்றது. ஓட்டி வந்தவன் குமரன். ஆறுமுகம் வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியுமாக இறங்கினார். சரசம்மாவின் சேலையும் வெள்ளை. முகம் அழுதழுது வீங்கியிருந்தது. ஐயோ, இவர்கள் வீட்டில் யாரோ தவறிவிட்டார்கள் போலிருக்கிறது என்று என் மனம் பதறியது. ஓடிச் சென்று ஆறுமுகத்தின் இரு கைகளையும் பற்றிக்கொண்டேன்.

"மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். வந்தவர் எவரும் இங்கே தங்குவதில்லை. எல்லாம் அவன் திருவுள்ளம்."

அவர் கண்களில் நீர் பெருகியது. "ஐயா, நீங்க மனுசனே இல்ல, தெய்வம்! உங்க வீட்டுல இப்படி ஆயிருக்கு, நீங்க எனக்கு ஆறுதல் சொல்றீங்களே!"

"என் வீடு, உங்கள் வீடு என்று ஏன் பிரித்துப் பேசுகிறீர்கள்?" என்றேன் பெருந்தன்மையாக.

சரசம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டார்: "நல்லாத்தானே இருந்தாங்க அந்தம்மா? நான் வந்தன்னைக்கு வடை சுட்டுக் குடுத்தாங்களே. எத்தன மணிக்கு எடுக்குறீங்க?"

எதை எடுப்பது என்று நான் கேட்பதற்குள் குமரன் லோரியின் பின்புறத்திலிருந்து ஒரு மலர் வளையத்தை இறக்கினான். சொந்தத் தோட்டத்துச் செவ்வந்தி. மாட்டுவண்டிச் சக்கரம் அளவு இருந்தது. குறுக்கே கட்டிய நாடாவில் 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று எழுதியிருந்தது.

அந்தச் சமயத்தில் கமலம் காப்பித் தட்டுடன் வெளியே வந்தாள். "வாங்க வாங்க! ஏன் வாசல்லயே நிக்கிறீங்க?"

"ஐயோ, ஆத்தா!" என்று அலறிய சரசம்மா கணவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தார். குமரன் வளையத்தைக் கைநழுவ விட்டான். அது நிமிர்ந்து, தானே உருண்டு, செம்மண் பாதையில் இறங்கி, தேயிலைச் செடிகளுக்குள் போய் விழுந்தது. கீழே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் முதலில் வளையத்தையும் பிறகு என் வீட்டையும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

வாய் திறந்தவர் ஆறுமுகம்தான். "போன் போட்டா சங்கு ஊதுது, சேகண்டி அடிக்கிது, நீங்க அழுது பாடுறீங்க! யாரோ போனை எடுத்து அப்படியே கீழ வச்சிட்டாங்கன்னு நெனச்சேன். மறுபடி போட்டேன், அப்பவும் பாடுறீங்க. பாடுறது ஐயான்னா, போனது அந்தம்மாதானே?"

தேன்மொழி உள்ளே போய், நான் அழுத்தாத அந்த எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியைத் திறந்துவிட்டாள். என் குரலை அன்றுதான் நானும் முதன்முறையாகக் கேட்டேன். சங்கு. சேகண்டி. முகாரி. பதிகத்தின் நடுவில் நான் தழுதழுக்க, ஒரு நிமிடம் முடிந்து இணைப்பு அறுந்தது; "அன்புடையீர்" வரவேயில்லை.

கமலம் என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான். (அந்தப் பார்வைக்கு உரை எழுத எனக்குப் புலமை போதாது.)

குமரன் சிரிப்பை அடக்க முடியாமல் லோரிக்குப் பின்னால் போய்விட்டான். சரசம்மா சிரிக்கவில்லை. சம்பந்தம் பேசும் வீட்டுக்குச் சாவு வளையத்தோடு வந்திருக்கிறோமே என்று அவர் முகம் இருண்டிருந்தது. கதவோரம் நின்ற என் மகளின் முகமும் அப்படித்தான்.

"உண்மையச் சொல்லிடுறேன்" என்று சரசம்மா தொடங்கினார். "நேத்து போன் போட்டதே, இந்தச் சம்பந்தம் வேணாம்னு சொல்லத்தான். பொண்ணு தங்கம். ஆனா பொண்ணு பாக்க வந்தன்னைக்கு ஐயா பாடி முடிக்கிறதுக்குள்ள எங்க காப்பியெல்லாம் ஆறிப்போச்சு. பெரிய பக்திமான் வீடு, நமக்கு ஒத்து வராதுன்னு நெனச்சோம்."

நான் தலை குனிந்தேன்.

"ஆனா அந்தம்மா போயிட்டாங்கன்னதும், ஐயோ, இந்தப் புள்ளைக்கு இனி யாரு அம்மான்னு வழி பூரா அழுதுகிட்டே வந்தேன். வேற யாரு, நான்தானேன்னு மனசுல வந்திருச்சு. இப்ப அவங்க அம்மா உசுரோட இருக்காங்கன்னு அதை மாத்திச் சொல்ல முடியுமா?" கமலத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "தட்டு மாத்த நாள் பாருங்க. ஆனா முதல்ல அந்தப் பாட்டை அழிங்கலா!"

புதிய பதிவை அன்றே அனைவர் முன்னிலையிலும் கமலம் பேசினாள்: "வீட்டுல யாரும் இல்ல. எல்லாரும் நல்லா இருக்கோம். அப்புறமா கூப்பிடுங்க."

இன்றுவரை அடாப்டரில் இருப்பது அந்தக் குரல்தான். மருமகன் எங்களை அழைக்கும்போதெல்லாம் நலம் விசாரிப்பதில்லை. "எல்லாரும் நல்லா இருக்கீங்கன்னு மெஷினே சொல்லிருச்சு மாமா" என்கிறார். அந்தப் பதிவை மாற்ற எவரும் சம்மதிப்பதில்லை. கமலம் பேசி முடித்த பிறகு, சற்றுத் தொலைவிலிருந்து ஒரு குரல் தயங்கித் தயங்கி, "தொடக்கத்தில் சங்கு வேண்டாமா?" என்று கேட்பதும் அதில் பதிவாகியிருக்கிறது.

அந்தக் குரல் என்னுடையது.